கல்லில் போடாத காசு

கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்த இரண்டாம் வருஷம் எனக்குப் பழைய காசு சேர்க்கிற பைத்தியம் பிடித்தது. கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த பெண்கள் தீபாவளி போனஸில் மூக்குத்தி வாங்குவார்கள், மிக்சி வாங்குவார்கள். நான் தேய்ந்துபோன காலணாவை வாங்கிவந்து ஜன்னலோரம் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். "செல்லாத காச வாங்கறதுக்குச் செல்லுற காசக் குடுத்துட்டு வர்றவ இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்" என்பார் வீட்டுக்காரர். அவர் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். கேலி செய்வாரே தவிர, தடுத்ததில்லை.

இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தது அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரக்கடை. சீராக வந்த பித்தளை அண்டா அடியில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அதைப் போட்டுவிட்டு வேறு வாங்கப் போயிருந்தேன். அந்தக் கடைக்காரர் பழைய பித்தளை, செம்பையெல்லாம் எடைக்கு எடுத்துக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுப்பவர். அப்படி வருகிற சொம்புகளுக்குள்ளும் உண்டியல்களுக்குள்ளும் சில சமயம் காசு கிடக்கும். அதையெல்லாம் உருக்கப் போடாமல் ஒரு தாம்பாளத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். அண்டாவுக்கு எடை போடுகிற நேரத்தில் நான் அந்தத் தாம்பாளத்தைக் கிளறினேன். அன்றைக்குக் கிளறினவள்தான்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் அண்ணா என்பேன், அவர் அம்மிணி என்பார். நாளாக ஆகக் காசு அவருக்கு ஒரு பக்க வியாபாரமாகவே ஆகிவிட்டது. கணியூர், அவிநாசிபாளையம் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் முடிச்சில் கட்டிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். அவரிடம் புத்தகமும் கிடையாது, பூதக்கண்ணாடியும் கிடையாது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் பலகை. வெள்ளிக் காசு எது வந்தாலும் அதன்மேல் போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். சத்தம் அவருக்குப் பிடித்திருந்தால் வாங்குவார், இல்லையென்றால் "வேண்டாமுங்க" என்று கையில் கொடுத்துவிடுவார். நமக்கு விற்கும்போதும் ஒரு தரம் போட்டுக் காட்டிவிட்டுத்தான் பில் காகிதத்தில் மடித்துத் தருவார். "புடிக்கலீன்னா கொண்டாந்து குடுத்துப்போடுங்க அம்மிணி. எத்தன மாசமானாலுஞ் சரிங்க." இதை ஒவ்வொரு முறையும் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கடையில் ஒரு சின்னக் கூட்டம் சேரும். நூல் ஏஜென்ட் பாய் ஒருவர், ஒரு டிராயிங் மாஸ்டர், தெற்கத்திப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒரு டெய்லர், அப்புறம் நான். பெண் என்று நான் ஒருத்திதான். முதலில் கூச்சமாக இருந்தது. ஒரு நாள் கடைக்காரரின் மனைவி உள்ளேயிருந்து எனக்கென்று தனியாக ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. அதற்கப்புறம் அது என் நாற்காலி ஆகிவிட்டது.

என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் செய்த அநியாயம் அங்கேயிருந்துதான் வந்தது. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி சோதிக்கிற லேபில் இருந்தேன். பனியன் துணியில் முக்கியமானது ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற கணக்கு. ஒரு கட்டரால் துணியை வட்டமாக வெட்டி மின் தராசில் வைப்போம். தராசு எவ்வளவு காட்டுகிறதோ அதுதான் வேதவாக்கு. துணி தொடுவதற்கு வெண்ணெய் மாதிரி இருக்கலாம், அதை ஓட்டிய நிட்டிங் மாஸ்டர் முப்பது வருஷ அனுபவஸ்தராக இருக்கலாம். எண் குறைந்தால் துணி ரிஜெக்ட். என்னைவிட இரண்டு மடங்கு வயதான மாஸ்டர்கள் அந்தத் தராசின் முன்னால் வாயடைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் கடைக்காரர் எனக்காக ஒரு வெள்ளி ரூபாயை எடுத்து வைத்திருந்தார். ராணி தலை போட்டது. அந்த வருஷம் அடித்த காசு வெளியே அதிகம் கிடைக்காது. எட்டு மாதமாக அதைத் தேடிக்கொண்டிருப்பதாக நான் அவரை அரித்திருந்தேன். கறுத்துப்போய், ராணியின் மூக்கு மழுங்கி, கிரீடத்து வேலைப்பாடு பாதி அழிந்திருந்தது. கல்லில் போட்டுக் காட்டினார். நீளமாகப் பாடியது. போனஸ் முழுவதையும் கொடுத்து வாங்கிக்கொண்டேன். ஒரு வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் லேபுக்கும் இன்டர்நெட் வந்தது. துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு ரிப்போர்ட் அனுப்பக் கொடுத்த கம்ப்யூட்டரில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் காசு பார்க்க ஆரம்பித்தேன். ஏலத்தில் விற்கிற ஒரு தளம் இருந்தது. அங்கே அதே ராணி, அதே வருஷம். பளபளவென்று, மூக்கு கூர்மையாக, கிரீடத்தில் ஒவ்வொரு மணியும் தெரிய. விலையும் நான் கொடுத்ததைவிடக் குறைவு. வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. நம் தலையில் மிளகாய் அரைத்துவிட்டாரே இந்த மனுஷன் என்று தோன்றியது. தோன்றியது என்று மழுப்புவானேன், அப்படித்தான் நம்பினேன். விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் வரிசையாக நட்சத்திரங்கள். முகம் தெரியாத அந்த ஆளுக்கு, வீட்டில் சொல்லாமல், பேங்கில் டி.டி. எடுத்து அனுப்பினேன்.

பத்து நாளில் கூரியர் வந்தது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் காசு, கூடவே முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்று. எங்கள் தொழிலில் காகிதம்தான் எல்லாம். டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாத துணியை எவனும் தொடமாட்டான். அந்தக் காகிதத்தைப் பார்த்ததுமே எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. காசை எடுத்து லேப் தராசில் வைத்தேன். அந்த ரூபாய் இருக்கவேண்டிய எடை பதினொன்று புள்ளி அறுபத்தாறு கிராம். மிகச் சரியாக அதையே காட்டியது. அப்புறம் பில் காகிதத்தைப் பிரித்து மற்றதை வைத்தேன். பதினொன்று புள்ளி முப்பத்தேழு.

நான் அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். ரிஜெக்ட்.

இப்போது யோசித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. என்னிடம் ஒரே காசு இரண்டு இருந்தது. ஒன்றுக்கு அதிக விலை கொடுத்திருந்தேன், இன்னொன்றைத் திருட்டுத்தனமாக வாங்கியிருந்தேன். கடைக்காரருடையது போலி என்று ஆகிவிட்டால் எல்லாமே சரியாகிவிடும். அவரிடம் போய் "ரெண்டு வாங்கிட்டேன், ஒண்ணை எடுத்துக்குங்கண்ணா" என்று சொல்லியிருந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் வேறு ஒருவரிடம் வாங்கினேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் சின்ன வெட்கத்துக்குப் பயந்துதான் இந்தப் பெரிய வெட்கத்தில் போய் விழுந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனித் தராசை யாரிடமும் கேட்காமல் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப் போனேன். எல்லோரும் இருந்தார்கள். வேண்டுமென்றேதான் எல்லோரும் வரும்வரை காத்திருந்தேன். கல்லா மேல் தராசை வைத்து, மட்டம் பார்த்து, முதலில் என் பளபளப்பான காசை வைத்தேன். எண்ணை எல்லோரையும் படிக்கச் சொன்னேன். பிறகு கறுத்ததை வைத்தேன். டிராயிங் மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டாம் தடவையும் படித்தார்.

"இருபத்தொம்பது பாயிண்ட் கொறையுதுங்கண்ணா" என்றேன். "இது நல்ல காசு இல்லீங்க."

கடைக்காரர் கோபப்படவில்லை. நாளெல்லாம் பித்தளையை நிறுத்து வாழ்கிறவர், எடையைப் பற்றி நான் அவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். காசை எடுத்துக் கல்லில் போட்டார். பாடியது. "சத்தம் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

"சத்தத்த வெச்சு என்னங்கண்ணா பண்றது? சத்தத்துக்கு ரிப்போர்ட் குடுக்க முடியுங்களா?"

டெய்லர் மட்டும் சங்கடமாக நெளிந்தார். "ஏக்கா, இப்படிப் பட்டுன்னு சொல்லுதியளே. தேஞ்சிருக்கும்லா?"

"தேஞ்சா இவ்வளவா தேயும்?" என்று அவர் வாயை அடைத்தேன்.

அப்போது கடைக்காரர் கையை நீட்டினார். "அம்மிணி, உங்க காச ஒருக்காக் குடுங்க. அதையும் கல்லுல போட்டுப் பாத்துர்லாம்."

நான் கொடுக்கவில்லை. "அய்யோ, கீறல் விழுந்துருங்க" என்று சொல்லி, காசைக் கைக்குள் மூடிக்கொண்டேன். கீறலுக்காக மூடினேனா? அன்றைக்கு ஆமாம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. அந்தக் கல்லைப் பார்த்து எனக்கு ஒரு விநாடி பயம் வந்தது. அந்தப் பயம் எனக்குத் தெரிந்தே வந்தது.

நீட்டிய கையை அவர் மெதுவாக எடுத்துக்கொண்டார். கல்லாவைத் திறந்து நான் கொடுத்த பணத்தை முழுசாக எண்ணி வைத்தார். "எனக்குத் தெரிஞ்சு குடுக்கலீங்க. ஏமாந்துபோட்டனாட்ட இருக்குது. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். "பரவால்லீங்கண்ணா, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று பெருந்தன்மையாக வேறு சொன்னேன்.

அடுத்த வாரம் பாய் தன்னிடமிருந்த மூன்று காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். டிராயிங் மாஸ்டர் வருவதை நிறுத்திக்கொண்டார். டெய்லருக்கு ஓவர்டைம் என்று காரணம். ஒரு மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கலைந்தது. ஆனால் அவர்கள் காசு வாங்குவதை விடவில்லை. எங்கிருந்தோ வாங்கி, என் லேபுக்கு எடுத்து வந்தார்கள். மத்தியான நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்று வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்புவார்கள். நான் உள்ளே எடுத்துப் போய் எடை போட்டு வந்து தீர்ப்புச் சொல்வேன். பாய் ஒருமுறை "நீங்க சொன்னாப் போதும்மா, அதுக்கு மேல அப்பீல் இல்ல" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நாட்களில் எத்தனை நல்ல காசைத் தள்ளினேனோ, கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

உண்மை தெரிந்தது நாலைந்து மாதம் கழித்து. அதே ஏலத் தளத்தில் வேறொரு ஆள் அதே ராணி ரூபாயை விற்பனைக்குப் போட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ராணியின் காதுக்குக் கீழே கடுகு அளவில் ஒரு குழி. என் காசிலும் அதே இடத்தில் ஒரு குழி உண்டு. பழங்காசுக்குக் குழி இருப்பது சகஜம்தான். ஆனால் கீழே இன்னொருவர் விற்ற காசிலும் அதே குழி. அதற்கடுத்ததிலும் அதே.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துணியில் ஒரு இடத்தில் மட்டும் குறை இருந்தால் அது கையாண்டதில் வந்தது. ஒவ்வொரு ரோலிலும் அதே இடத்தில் அதே குறை வந்தால் அது மெஷினில் ஒரு ஊசி கெட்டிருப்பதால் வருவது. நான் தினமும் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. நான்கு காசும் எவனோ ஒரே அச்சில் வார்த்து எடுத்தவை. எடை சரியாக இருக்கும்படி பார்த்துத்தான் செய்திருப்பான். என்னைப் போல எடையை மட்டும் பார்க்கிறவர்களுக்காகவே செய்தது.

தேய்மானமும் அப்போதுதான் உறைத்தது. நூறு தடவை துவைத்து நைந்த பனியனை வெட்டி எடை போட்டு, ஜி.எஸ்.எம். குறைகிறது, இது அந்தத் துணியே இல்லை என்று யாராவது சொன்னால் நானே சிரித்திருப்பேன். ஆயிரம் கை மாறிய ரூபாய்க்கு அந்த நியாயத்தை நான் கொடுக்கவில்லை. டெய்லருக்குத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியாமலா இருந்தது? லேபில் யாரும் இல்லாதபோது என் காசை சிமெண்ட் தரையில் போட்டேன். டொக் என்று விழுந்து கிடந்தது.

விற்றவனுக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை. அடுத்த வாரம் அந்தப் பெயரே தளத்தில் இல்லை. அத்தனை நட்சத்திரத்தோடும் போய்விட்டான். அவன்மேல் எனக்குப் பெரிய கோபம்கூட வரவில்லை. முகம் தெரியாதவனை நம்பி, நாற்காலி போட்டு உட்கார வைத்தவரைச் சந்தேகப்பட்ட எனக்கு அவன்மேல் கோபப்பட என்ன யோக்கியதை?

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. ஆடிட் இருக்கிறது என்றேன், வீட்டில் விருந்தாளி என்றேன், கரண்ட் கட்டில் வேலை பிந்துகிறது என்றேன். யாரும் கேட்காத கேள்விக்கெல்லாம் நானே பதில் தயாரித்தேன். பஸ்ஸில் அனுப்பர்பாளையம் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வீட்டுக்காரரிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கேலி செய்யவில்லை. "நாலு பேத்துக்கு முன்னால சொன்னதுதானே, நாலு பேத்துக்கு முன்னாலயே போய்ச் சொல்லு" என்றார். அவர் கேலி செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைசியில் போனது ஒரு புதன்கிழமை. நாலு பேர் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். போலிக் காசு பையில் இருந்தது. சொல்லவேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அந்தக் கறுத்த ரூபாயைக் கேட்டு வாங்கிக்கொள்வது, அவர் கல்லில் என் காசைப் போட்டுக் காட்டுவது, பிறகு பாய்க்கும் மற்றவர்களுக்கும் அங்கிருந்தே போன் போட்டுச் சொல்வது. இதுதான் திட்டம்.

"வாங்க வாங்க அம்மிணி. எத்தன நாளாச்சுங்க" என்று எழுந்தே நின்றுவிட்டார். கல்லா மேல் புதிதாக ஒரு சின்ன மின் தராசு இருந்தது. கருங்கல் பலகையைக் காணவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னதுக்கப்பறம் வாங்கிப்போட்டனுங்க" என்றார். "இப்ப எட போடாம ஒரு காசும் வாங்கறதில்லீங்க, குடுக்கறதில்லீங்க. கொறஞ்சா வேண்டாம்னு சொல்லீர்றது."

"அண்ணா, அந்த ராணி தலை ரூபாய்... அது இருக்குதுங்களா? நானே திருப்பி எடுத்துக்கலாம்னு..."

"அது ஏதுங்க! அதைய அப்பவே உருக்கிப்போட்டமுங்க."

போலிக் காசை எடுக்கப் பைக்குள் விட்ட கையை வெறுமனே வெளியே எடுத்தேன்.

"வெச்சிருந்தா நாளைக்கு நான் இல்லாதப்ப என்ற பையன் தெரியாம ஆருக்காச்சும் வித்துப்போடுவானுங்க. ஒருத்தர ஏமாத்துனது போதாதுங்களா? ஆசாரி உருக்கறப்ப நல்ல வெள்ளிதான்னு சொன்னாரு. வெள்ளி நல்லதா இருந்து என்னங்க, காசு தப்பாச்சுங்களே." சொல்லிவிட்டு உள்பக்கம் திரும்பி, "ஏனுங்க, ஆரு வந்திருக்காங்கன்னு பாருங்க" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அந்த அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார். குழந்தைகளை விசாரித்தார், மெலிந்துவிட்டீர்கள் என்றார். நான் மோரைக் குடித்தேன். மனப்பாடம் செய்த வாக்கியங்கள் எல்லாம் ஒரு காசை வைத்துச் செய்தவை. காசு இல்லை என்றதும் எந்த முனையிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சொன்னால், ஏமாந்தவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு, நீங்கள் ஏமாறவில்லை, நல்ல காசைத்தான் நெருப்பில் போட்டீர்கள், போடவைத்தது நான் என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவர் சாகும்வரை தன் காதை நம்பமாட்டார். சொல்வதுதான் நியாயம் என்று தெரிந்தது. டம்ளரைக் கீழே வைத்தேன். "சரிங்கண்ணா, வர்றேனுங்க" என்றேன்.

"இருங்க, இருங்க" என்று அக்கா உள்ளே ஓடினார். வீட்டுக்கு வந்த சுமங்கலியை வெறும் நெற்றியோடு அனுப்புவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழோடு திரும்பி வந்தார். புதுசு, மூடியில் ஒரு தாமரை மொட்டு.

"அந்த ரூபாய்தானுங்க இது. அறுந்த கொலுசு ஒண்ணு கெடந்துது, அதையும் சேத்திச் செஞ்சது" என்றார். "நீங்க கண்டுபுடிச்சு சொல்லலீன்னா எங்களுக்கு இது ஏதுங்க? எடுத்துக்குங்க கண்ணு."

மூடியைத் திறந்து என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். கல்லாவில் இருந்தபடி அவரும் சிரித்துக்கொண்டு பார்த்தார். நான் மோதிர விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன்.